நீருக்குள் மூழ்கிய குழலிழைச் சவ்வு: எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும்?

வைகையில் கழிவுநீர் கலக்கிறது என்ற செய்தி மதுரைக்காரர்களுக்குப் பழகிப்போன ஒன்று. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலும் இதுபற்றிய வழக்குகள் நடந்திருக்கின்றன. இந்தப் பேச்சோடு சேர்ந்து அடிபடும் சொல் ‘மெம்பரேன்’, அதாவது சவ்வு. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கமோ, மருத்துவமனையோ, தங்கும் விடுதியோ கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு விலைப்புள்ளி கேட்டால், வரும் தாள்களில் ஒன்றிலாவது ‘எம்.பி.ஆர்.’ என்று எழுதியிருக்கும். நுண்ணுயிர்த் தொட்டியும் சவ்வும் சேர்ந்த முறைக்கு அது பெயர். விலை கூடுதல், ஆனால் இடம் குறைவு, தண்ணீர் கண்ணாடிபோல் வரும் என்று விளக்கம் சொல்வார்கள்.

சமையலறைச் சுவரில் தொங்கும் ஆர்.ஓ. கருவிக்குள்ளும் மெம்பரேன்தானே இருக்கிறது, அப்படியானால் இரண்டும் ஒன்றா? ஆழ்துளைக் கிணற்றின் உப்பை இது எடுத்துவிடுமா? வரும் தண்ணீரைக் குடிக்கலாமா? மூன்றுக்கும் விடை ‘இல்லை’ என்பதே. ஆனால் இந்தச் சவ்வு என்ன செய்கிறது, எதனால் கெட்டுப்போகிறது என்று தெரிந்தால்தான் பணத்தை எங்கே போடுவது என்று முடிவு செய்ய முடியும்.

தெளிய வைப்பதும் சலித்தெடுப்பதும்

கலங்கல் தண்ணீரைச் சுத்தமாக்க நம் வீடுகளில் இரண்டு வழிகள் இருந்தன. பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றி வைப்பது ஒரு வழி. மிதக்கும் மண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கனத்து, அடியில் படிந்துவிடும். மேலே இருப்பதை மொண்டுகொள்ளலாம். குடத்தின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி ஊற்றுவது இன்னொரு வழி. முன்னது துகளின் எடையை நம்புகிறது. பின்னது துகளின் அளவை நம்புகிறது.

ஆற்று நீரைக் குடிநீராக்கும் வழக்கமான நிலையங்களில் முதல் வழிதான் பெரிய அளவில் நடக்கிறது. தேற்றாங்கொட்டையின் இடத்தில் படிகாரம் இருக்கிறது. பிறகு மணல் படுகையும் குளோரினும். கழிவுநீர் நிலையங்களில் பெரும்பாலானவையும் படிய வைப்பதையே நம்புகின்றன. ஒரு தொட்டியில் காற்றை ஊதி நுண்ணுயிர்களை வளர்க்கிறார்கள். அவை கழிவைத் தின்று பெருகிப் பழுப்பு நிறத் திரள்களாகக் கூடும். இதுதான் கசடு. காற்றை நிறுத்தி அசையாமல் விட்டால் கசடு கீழே இறங்கும், தெளிந்த நீர் மேலே வழியும்.

கசடு எப்போதும் இப்படிப் பணிந்து நடப்பதில்லை. நூல்போல் நீளும் சிலவகை நுண்ணுயிர்கள் மிகுந்துவிட்டால், அது பிரித்த பஞ்சுபோல் உப்பி மிதந்து, நல்ல தண்ணீரோடு வெளியேறிவிடும். கழிவுநீர் நிலையத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இது நன்கு தெரிந்த தலைவலி. கசடுத் தொட்டிக்குள்ளேயே மூழ்கியிருக்கும் ‘மூழ்கு வகை’ச் சவ்வு இங்கேதான் உதவிக்கு வருகிறது. கசடு படிகிறதா, மிதக்கிறதா என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. துணியின் வேலையைத்தான் செய்கிறது. கண்கள் மட்டும் துணியின் கண்களைவிடப் பல நூறு மடங்கு சிறியவை.

அளவுகளை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரான்.

1. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான்.
2. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி 4 முதல் 6 மைக்ரான்.
3. மலத்தில் காணப்படும் ஈ.கோலை பாக்டீரியா 1 முதல் 2 மைக்ரான் நீளம்.
4. மூழ்கு வகைச் சவ்வின் துளை, தயாரிப்பைப் பொறுத்து, 0.04 முதல் 0.4 மைக்ரான்.
5. வைரஸ்கள் பெரும்பாலும் 0.02 முதல் 0.3 மைக்ரான்.
6. நீரில் கரைந்த உப்பின் அயனி 0.001 மைக்ரானுக்கும் குறைவு.

மூன்றாவது வரிக்கும் நான்காவது வரிக்கும் நடுவில்தான் கதவு சாத்தப்படுகிறது. பாக்டீரியாவும் ஒட்டுண்ணியும் வெளியே நின்றுவிடுகின்றன. வைரஸ்களில் ஒரு பகுதி நழுவிப் போகக்கூடும். கரைந்த உப்போ எந்தத் தடையும் இல்லாமல் நடந்து போய்விடும்.

ஓர் இழையைக் கையில் எடுத்துப் பார்த்தால்

இந்தச் சவ்வை நடுவில் துவாரமுள்ள குழலிழைகளாகச் செய்கிறார்கள். இழை பார்ப்பதற்கு வெந்த சேமியாவைப்போல வெள்ளையாக, வழவழப்பாக இருக்கிறது. பரவலாகப் புழங்கும் ஒரு வகையில் வெளிவிட்டம் சுமார் 2 மில்லிமீட்டர். நடுவில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துவாரம் முழு நீளத்துக்கும் ஓடுகிறது. பி.வி.டி.எஃப். என்ற பிளாஸ்டிக்கில் செய்யப்படுபவைதான் அதிகம், ஏனென்றால் குளோரின் கலந்த கரைசலில் அடிக்கடி கழுவினாலும் அது தாங்கும். இழுத்தால் அறுந்துவிடாமலிருக்க, ஷூ நாடாபோல் பின்னிய ஒரு நூல் குழலின் மேல் சவ்வைப் பூசிச் செய்யும் வகையும் உண்டு.

இப்படி ஆயிரக்கணக்கான இழைகளைச் சேர்த்து, இரு முனைகளையும் பிசினில் பதித்துக் கெட்டியாக்குகிறார்கள். பிறகு அந்தப் பிசின் கட்டியைக் குறுக்கே சீவினால், வெட்டுமுகத்தில் தேனடைபோல் துவாரங்கள் திறந்து நிற்கும். அதன்மேல் ஒரு மூடியும் குழாயும் பொருத்தினால் அது ஒரு மாட்யூல். பல மாட்யூல்களைச் சட்டத்தில் அடுக்கி, சங்கிலிக் கப்பியால் அப்படியே தொட்டிக்குள் இறக்குகிறார்கள். இரண்டு முனைகளுக்கும் இடைப்பட்ட தூரத்தைவிட இழை சற்று நீளமாக இருக்கும். அந்தத் தொய்வு வேண்டுமென்றே விட்டது. கீழிருந்து காற்றுக் குமிழிகள் மேலேறும்போது இழைகள் ஆற்றுப் பாசிபோல் அசைந்து, ஒன்றோடொன்று உரசி, தம்மேல் ஒட்டிய கசடை உதறிக்கொள்வதற்காக விட்ட இடம் அது.

உறிஞ்சும் விசை

ஆர்.ஓ. கருவியோடு உள்ள பெரிய வேறுபாடு இங்கே தெரியும். வீட்டு ஆர்.ஓ. கருவியில் பம்ப் தண்ணீரை 4, 5 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அழுத்தத்தில் சவ்வின்மேல் தள்ளுகிறது. கடல்நீர் நிலையங்களில் அது 55 பாரையும் தாண்டும். மூழ்கு வகையில் யாரும் தள்ளுவதில்லை. தொட்டி திறந்தே கிடக்கிறது. இழையின் உள்துவாரத்தோடு இணைந்த பம்ப் மெதுவாக உறிஞ்சுகிறது, இளநீரில் குழலைப் போட்டு உறிஞ்சுவதைப்போல. வித்தியாசம், இந்தக் குழலின் நுனி தொட்டி நீரை நோக்கித் திறந்திருப்பதில்லை. தண்ணீர் சுவர் வழியாகத்தான் உள்ளே வர முடியும். இதற்குத் தேவையான அழுத்த வேறுபாடு வழக்கமாக 0.1 முதல் 0.5 பார் வரைதான்.

அழுக்கு வெளியே, சுத்த நீர் உள்ளே என்ற இந்த ஏற்பாடு யோசித்துச் செய்தது. அழுக்கை உள்ளே விட்டுச் சுத்த நீரை வெளியே எடுத்தால், அந்த மெல்லிய துவாரம் கசடால் சில மணி நேரத்தில் அடைந்துவிடும்.

1960களில் அமெரிக்காவில் கசடையும் சவ்வையும் சேர்க்கத் தொடங்கியபோது, சவ்வைத் தொட்டிக்கு வெளியே வைத்து, கசடை வேகமாகப் பம்ப் செய்து அதன் வழியே ஓட்டினார்கள். மின்செலவு தாங்கவில்லை. 1989இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கசுவோ யாமமோட்டோவும் உடன் ஆய்வாளர்களும் குழலிழைகளை நேராகக் காற்றூட்டும் தொட்டிக்குள்ளேயே இறக்கி உறிஞ்சிக் காட்டினார்கள். அதன்பின் கனடாவிலும் ஜப்பானிலும் நிறுவனங்கள் வணிக அளவில் செய்யத் தொடங்கின. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் கிரிப்டோஸ்போரிடியம் குடிநீரில் புகுந்து சுமார் 4 லட்சம் பேரை நோயில் தள்ளியது. அந்த ஒட்டுண்ணியைக் குளோரின் கொல்வதில்லை. குடிநீர் நிலையங்களும் சவ்வைத் தேடிப் போனதற்கு அந்தச் சம்பவம் ஒரு பெரிய காரணம்.

எத்தனை இழைகள் வேண்டும்?

ஒரு சதுர மீட்டர் சவ்வு ஒரு மணி நேரத்தில் கடத்தும் லிட்டரைத் தொழிலில் ஃப்ளக்ஸ் என்கிறார்கள். விலைப்புள்ளியில் முதலில் தேட வேண்டிய எண் இதுதான். கழிவுநீர்க் கசடில் நீடித்து ஓட்டத்தக்க ஃப்ளக்ஸ் சுமார் 15 முதல் 25 வரை.

நூறு வீடுகள் உள்ள குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு நாலரைப் பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவாகிறது என்று வைத்தால் நாளுக்குச் சுமார் 50,000 லிட்டர் கழிவுநீர் வரும். ஃப்ளக்ஸ் 15 என்று நிதானமாக வைத்துக்கொண்டால் சுமார் 140 சதுர மீட்டர் சவ்வு தேவை. மாட்யூலுக்கு 30 சதுர மீட்டர் என்றால் ஐந்து மாட்யூல்கள். 2 மில்லிமீட்டர் விட்டமும் 2 மீட்டர் நீளமும் உள்ள ஓர் இழையின் வெளிப்பரப்பு 0.0126 சதுர மீட்டர். ஆகவே ஒரு மாட்யூலில் ஏறத்தாழ 2,400 இழைகள்.

நாளுக்குப் பத்து லட்சம் லிட்டர் என்று கணக்கிட்டால், ஃப்ளக்ஸ் 20இல், 1.65 லட்சம் இழைகள் வேண்டும். முனையோடு முனை வைத்தால் 330 கிலோமீட்டர்; மதுரையிலிருந்து ரயிலில் விழுப்புரம் போய்ச் சேரும் தூரம். ஆனால் இதை மாட்யூல்களாக அடுக்கினால் ஒரு சிறிய அறைக்குள் அடங்கிவிடும். இடம் குறைவு என்று விற்பவர் சொல்வது உண்மைதான். படியவைக்கும் தொட்டி தேவையில்லை என்பதோடு, கசடையும் அடர்த்தியாக வைத்துக்கொள்ளலாம். வழக்கமான முறையில் லிட்டருக்கு 2,000 முதல் 4,000 மில்லிகிராம் கசடு. சவ்வு முறையில் 8,000 முதல் 12,000.

ஃப்ளக்ஸ் 30, 35 என்று போட்டு மாட்யூல் எண்ணிக்கையைக் குறைத்து, விலையைக் கவர்ச்சியாகக் காட்டும் தாளைப் பார்த்தால் உடனே ஒதுக்கிவிடுங்கள். ஏன் என்பது அடுத்த பகுதியில்.

அடைப்பு: எல்லாம் தீர்மானமாகும் இடம்

சவ்வின்மேல் தண்ணீர் பாயும்போது, அது தன்னோடு கசடையும் இழுத்துவந்து சுவரில் ஒட்டுகிறது. கீழிருந்து வரும் குமிழி அதை உரித்து எடுக்கிறது. இழுப்பும் உரிப்பும் சமமாக இருக்கும்வரை நிலையம் மாதக்கணக்கில் அமைதியாக ஓடும். ஒரு வரம்புக்கு மேல் வேகமாக உறிஞ்சினால் கசடு உரிபடுவதைவிட விரைவாகச் சேர்ந்து, அழுந்தி, தோலாகிவிடும். அதைத் தாண்டித் தண்ணீர் எடுக்க இன்னும் பலமாக உறிஞ்ச வேண்டும். அதனால் தோல் இன்னும் இறுகும். வாரக்கணக்கில் 0.1 பாரில் நின்ற அழுத்தமானி சில நாட்களில் 0.4க்குத் தாவுவது இப்படித்தான். ஃப்ளக்ஸைக் கூட்டிக் காட்டிய தாளின் கதையும் பெரும்பாலும் இங்கேதான் முடிகிறது.

இதைத் தடுக்க நான்கு வேலைகள் ஓயாமல் நடக்க வேண்டும்.

1. காற்று. ப்ளோயர் (காற்றூதும் இயந்திரம்) ஓடாமல் உறிஞ்சும் பம்ப் ஒரு நிமிடம்கூட ஓடக் கூடாது. சவ்வு நிலையத்தின் மின்செலவில் பெரும்பங்கு இந்தக் காற்றுக்கே போகிறது. பெரிய நிலையங்களில் ஆயிரம் லிட்டருக்கு 0.6 முதல் 1 யூனிட் வரை ஆகும். சிறியவற்றில் இன்னும் கூடும்.
2. ஓய்வு. எட்டு, பத்து நிமிடம் உறிஞ்சிய பின் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்வரை நிறுத்த வேண்டும், அல்லது சுத்த நீரைத் திருப்பி உள்ளிருந்து வெளியே தள்ள வேண்டும்.
3. சிறு கழுவல். வாரத்துக்கு ஒருமுறை சில நூறு பி.பி.எம். (பத்து லட்சத்தில் சில நூறு பங்கு) சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் கரைசலை உள்ளிருந்து வெளியே செலுத்துவது. இழையின்மேல் நுண்ணுயிர்கள் ஒட்டி வளரும் உயிர்ப்படலத்தை இது கரைக்கும்.
4. பெருங்கழுவல். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை, இன்னும் அடர்த்தியான கரைசலில் மணிக்கணக்கில் ஊறவைப்பது. சுண்ணாம்புப் படிவுக்கு சிட்ரிக் அமிலம். இரண்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. நச்சுக் குளோரின் வாயு வெளிவரும்.

இவை ஒழுங்காக நடந்தால் சவ்வு பத்தாண்டு வரையும் உழைக்கும். நடக்காவிட்டால் ஓரிரு ஆண்டில் மாற்ற நேரிடும். என் கணிப்பில், சவ்வு நிலையங்கள் தோற்கும் இடங்களில் பெரும்பாலும் தோற்பது சவ்வு அல்ல. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்காததே காரணம்.

மதுரையின் தண்ணீர், மதுரையின் வெயில்

நம் ஊருக்கென்று சில சாதகங்களும் சில தொல்லைகளும் இருக்கின்றன. வெப்பம் ஒரு சாதகம். 30 டிகிரியில் தண்ணீரின் பிசுபிசுப்பு 10 டிகிரியில் இருப்பதைவிடச் சுமார் 40 சதவீதம் குறைவு. அதே அழுத்தத்தில் கூடுதல் நீர் கடக்கும். குளிர்நாட்டு நிலையங்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் படும் பாடு இங்கே இல்லை. ஆனால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகக் கரையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் வரை கரைவது 30 டிகிரியில் 7.6க்கு இறங்கிவிடும். சித்திரை, வைகாசியில் நுண்ணுயிர்களுக்கு மூச்சுக் காற்று போதவேண்டுமானால் ப்ளோயரின் திறனை அந்த மாதங்களுக்காகவே கணக்கிட்டிருக்க வேண்டும்.

அடுத்தது முடியும் நூலும். குளியலறை வடிகாலில் போகும் நீண்ட தலைமுடியும், வாடிய மல்லிகைச் சரத்தின் நாரும் நூலும் குழலிழைக்குப் பெரிய எதிரிகள். குமிழியில் அசையும் இழைகளைச் சுற்றி அவை பின்னிக்கொள்கின்றன. அந்தப் பின்னலில் கசடு ஏறி, இழைக்கட்டின் மேல்முனையில் சடைபோல் திரண்டு நிற்கும். கப்பியில் தூக்கிப் பார்த்தால், சொட்டச் சொட்டக் கறுத்த கயிறாகத் தொங்கும். எந்தக் கரைசலிலும் அது கரையாது; கையால்தான் பிரித்தெடுக்க வேண்டும். இழுத்தால் இழையும் சேர்ந்து அறும். ஆகையால் சவ்வுத் தொட்டிக்கு முன்னால் 1 முதல் 2 மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடை கட்டாயம். 6 மில்லிமீட்டர் சல்லடை போதும் என்பவர் சொல்வதைக் கேட்க வேண்டாம். உணவகத்தோடு சேர்ந்த கட்டடமானால் எண்ணெயைப் பிடிக்கும் தொட்டியும் முன்னால் இருக்க வேண்டும். எண்ணெய் சவ்வின்மேல் படலமாகப் பூசிக்கொள்ளும்.

மூன்றாவது கடினநீர். ஆழ்துளைக் கிணற்றை நம்பும் பகுதிகளில் பக்கெட்டின் விளிம்பிலும் குழாய் முனையிலும் படியும் அதே வெள்ளைச் சுண்ணாம்பு இழையின் துளைகளிலும் படியும். இத்தகைய இடங்களில் அமிலக் கழுவலின் இடைவெளியைக் குறைத்தே ஆக வேண்டும்.

கடைசியாக, ஒரே சீராக வராத நீர். குடியிருப்பில் காலை ஆறு முதல் ஒன்பது வரை கழிவுநீர் கொட்டும், நண்பகலில் சொட்டும். தங்கும் விடுதியில் அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களை ஒட்டி எல்லா அறையும் நிரம்பும். சவ்வுக்கு இந்த ஏற்ற இறக்கம் ஒத்துவராது. படியவைக்கும் தொட்டிபோல் நெரிசலை ஓரளவு பொறுத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. முன்னால் ஒரு சமன்படுத்தும் தொட்டி போதிய கொள்ளளவோடு இருந்தால்தான் உறிஞ்சும் வேகத்தை நாள் முழுதும் ஒரே அளவில் வைக்கலாம். மின்தடை நேரத்தில் ஜெனரேட்டர் லிஃப்டுக்கு மட்டுமின்றி ப்ளோயருக்கும் போக வேண்டும்.

எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது

வெளிவரும் தண்ணீரில் கலங்கல் இருக்காது, கலங்கலை அளக்கும் என்.டி.யு. அலகில் 1க்கும் குறைவாகவே காட்டும். நாற்றமும் இருக்காது. குளோரின் சேர்த்துவிட்டால் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். நூறு வீட்டுக் குடியிருப்பில் நாளுக்கு 40,000 லிட்டருக்கு மேல் மீண்டும் கிடைக்கும். லாரித் தண்ணீர் வாங்கும் கோடையில் இதன் மதிப்பு எளிதாகப் புரியும்.

உப்புக்கு இது மருந்தில்லை. குழாயில் 1,500 டி.டி.எஸ். (ஒரு லிட்டரில் கரைந்துள்ள உப்பு முதலியவற்றின் மில்லிகிராம் அளவு) வந்தால் சவ்வைத் தாண்டியும் 1,500 சொச்சமே இருக்கும். இந்தியக் குடிநீர்த் தர அளவான ஐ.எஸ். 10500, டி.டி.எஸ்.ஸை 500க்குள் இருக்கச் சொல்கிறது. வேறு ஆதாரம் இல்லாதபோது 2,000 வரை அனுமதிக்கிறது. ஃபுளோரைடுக்கு 1 மில்லிகிராம், உச்சமாக 1.5. நைட்ரேட், ஃபுளோரைடு, உப்பு எதுவும் குழலிழையில் நிற்காது. அவற்றை எடுக்க ஆர்.ஓ. வேண்டும். குழலிழையை ஆர்.ஓ.வுக்கு முன்காவலாக வைப்பது சரியான பயன்பாடு. சென்னையில் கோயம்பேடு, கொடுங்கையூர் நிலையங்களில் சுத்திகரித்த கழிவுநீரை நுண்வடிகட்டல், ஆர்.ஓ. என்ற வரிசையில் கடத்தித் தொழிற்சாலைகளுக்குத் தருகிறார்கள். ஒவ்வொன்றின் கொள்ளளவும் நாளுக்கு 4.5 கோடி லிட்டர்.

ஆகவே மதுரையில் ஆழ்துளைக் கிணற்று நீரின் சுவையை மாற்ற இதை வாங்குவது வீண். கழிவுநீரை மீண்டும் புழங்க, அதுவும் நிலம் குறைந்த நகர் நடுவில், இதைவிடப் பொருத்தமான கருவி குறைவு. மதுரையின் அவனியாபுரம், சக்கிமங்கலம்போல் பரந்த இடமுள்ள கழிவுநீர் நிலையங்களில் படியவைக்கும் முறையும் நன்றாகவே வேலை செய்யும். அங்கே சவ்வுக்குக் கூடுதல் செலவு செய்வதானால், வரும் தண்ணீரை யார் வாங்கிக்கொள்வார்கள் என்பதை முதலில் முடிவு செய்துவிட வேண்டும்.

கையெழுத்திடுமுன் கேட்க வேண்டியவை

1. ஃப்ளக்ஸ் எவ்வளவு என்று எடுத்திருக்கிறீர்கள்? மொத்தச் சவ்வுப் பரப்பு எத்தனை சதுர மீட்டர்? இரண்டையும் பெருக்கி 24ஆல் பெருக்கினால் உங்கள் தினக் கழிவுநீர் அளவைவிடக் கூடுதலாக வர வேண்டும். கழுவலுக்கும் ஓய்வுக்கும் போகும் நேரம் அந்தக் கூடுதலில்தான் அடங்கும்.
2. சல்லடையின் கண் எத்தனை மில்லிமீட்டர்? அதைத் தினமும் துடைப்பவர் யார்?
3. இழை அறுந்தால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? சரியான விடை, உள்ளே காற்றழுத்தம் கொடுத்துக் குமிழி எங்கே கிளம்புகிறது என்று பார்ப்பது. அறுந்த ஒற்றை இழையின் முனையை முளைபோல் அடைத்துவிட்டு மற்றவற்றை ஓட்டலாம். மாட்யூல் முழுவதையும் மாற்றத் தேவையில்லை.
4. பெருங்கழுவலுக்குப் பயன்படுத்திய கரைசல் எங்கே போகும்? மழைநீர் வடிகால் வழியாக வைகைக்கு என்றால் வேண்டாம்.
5. நீங்கள் அமைத்து மூன்று ஆண்டாக ஓடும் நிலையம் ஒன்றைக் காட்ட முடியுமா?

அப்படிப் போய்ப் பார்க்கும்போது தண்ணீரை மட்டும் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். வந்தவர்களுக்குக் காட்ட எடுத்து வைத்த தண்ணீர் எப்போதும் தெளிவாகத்தான் இருக்கும். அழுத்தமானியின் அளவை எழுதும் பதிவேட்டைக் கேளுங்கள். கழுவலுக்கு முன் ஏறி, கழுவலுக்குப் பின் இறங்கி, எண்கள் மாறிக்கொண்டிருந்தால் அங்கே ஒருவர் உண்மையில் வேலை பார்க்கிறார். மாதம் முழுவதும் ஒரே எண்ணாக, ஒரே மையில் எழுதியிருந்தால் அந்த மானியை யாரும் பார்க்கவில்லை.